பேர் சொல்லிக் கூப்பிட்ட தேவன்



 

தியானப் பகுதி: ஆதியாகமம் 16, 21 அதிகாரங்கள்.

இந்த இரண்டு அதிகாரங்களையும் வேதப்புத்தகத்தை எடுத்து ஒருதரம் பொறுமையாய் வாசியுங்கள். ஒரு காரியத்தைக் கவனிப்பீர்கள். ஆபிரகாமும் சாராளும் ஆகாரைக் குறித்து எத்தனை தரம் பேசுகிறார்கள்! ஆனால் ஒரு தரமாவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா? இல்லை. "அடிமைப்பெண்" என்பதோடு சரி. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூடாரத்தில் சமைத்துப் போட்டவள், தண்ணீர் சுமந்தவள். அவளுக்குப் பேர் இல்லை.

முதல்முதலாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் தெரியுமா? வனாந்தரத்தில், தண்ணீர்த்துரவண்டையில், கர்த்தருடைய தூதன். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றும் கேட்டார். அல்லேலூயா! அதனால்தான் அவள், இவர் என்னைப் பார்க்கிற தேவன் என்று அவருக்கே ஒரு பேர் வைத்தாள்.

பிற்பாடு 21-ம் அதிகாரத்தில் அந்தத் தாயும் பிள்ளையும் வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறார்கள். ஆபிரகாம் வெறுங்கையாய் அனுப்பவில்லை. அப்பமும் கொடுத்தார், ஒரு துருத்தி தண்ணீரும் கொடுத்தார். நம்முடைய பாஷையில் சொன்னால், நிவாரணம் கொடுத்து அனுப்பினார். ஆனால் துருத்தியிலிருந்த தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு போட்டோ ஞாபகத்துக்கு வரும்.

பெயரில்லாத ஒரு தாய்

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில், லைப்ரரியில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கிழிந்த கூடாரம். அதற்குள் ஒரு தாய். நெற்றியெல்லாம் கவலைக்கோடு. மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள், முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் புதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தின் கீழே, ஊர் ஊராய்ப் பிழைப்புத் தேடிப் போகிற தாய், 1936, அமெரிக்கா என்று மட்டும் போட்டிருந்தது. பேர் போடவில்லை.

"என்னது, அமெரிக்காவிலே பட்டினியா?" என்று நான் ஆச்சரியப்பட்டேன். உங்களில் சிலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆகவே அந்த நாட்களைப்பற்றிக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்தன. 1930-க்கும் 1933-க்கும் நடுவே ஏறக்குறைய 9,000 பேங்குகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்கென்று சேர்த்த பணம், வயதான காலத்துக்கென்று சேர்த்த பணம், பேங்க் வாசலிலேயே போயிற்று. 1933-ல் வேலை செய்யக்கூடிய நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை கட்ட முடியாத குடும்பங்களின் கட்டிலையும் சட்டிபானையையும் தெருவில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? ஊருக்கு வெளியே குப்பைமேட்டின் ஓரத்திலும், ஆற்றங்கரையிலும், பாலத்தின் அடியிலும், தகரத்தையும் அட்டைப்பெட்டியையும் பழைய பலகையையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் ஹெர்பர்ட் ஹூவர். அவர் பேரைச் சொல்லி, அந்தக் குடிசைப் பகுதிகளுக்கு "ஹூவர்வில்" என்று கசப்போடு பேர் வைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் செய்தித்தாளுக்கு "ஹூவர் கம்பளி". காசில்லாமல் வெளியே இழுத்துவிட்ட வெறும் பாக்கெட்டுக்கு "ஹூவர் கொடி". செருப்பின் அடி தேய்ந்து ஓட்டையானால் அட்டையை வெட்டி உள்ளே வைத்து நடந்தார்கள். மழை பெய்தால் அட்டை ஊறிப்போகும்; மறுபடியும் வேறு அட்டை தேடவேண்டும்.

சாப்பாட்டுக்கு ரொட்டி வரிசை, சூப் வரிசை. நேற்றுவரை ஆபீஸில் வேலை பார்த்தவன் இன்றைக்குக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தலை கவிழ்ந்து வரிசையில் நிற்கிறான். 1930-ல் நியூயார்க் தெருமுனைகளில் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் ஒரு ஆப்பிள் ஐந்து சென்ட் என்று கூவி விற்றார்கள். பிச்சை கேட்க நா எழவில்லை. ஆகவே ஆப்பிளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். வேலை போனதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மறைக்க, காலையில் வழக்கம்போலப் புறப்பட்டுப் போய் பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

அந்தக் காலத்தைப்பற்றிச் சொல்லுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிற ஒரு சம்பவம் உண்டு. நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு சிறுமி சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டு வா என்கிறாள் டீச்சர். அந்தப் பிள்ளை சொன்னதாம்: இன்றைக்கு என் முறை இல்லை டீச்சர், என் தங்கச்சி சாப்பிடுகிற முறை.

அதிலும் வேதனை என்ன தெரியுமா? அது தானியம் விளையாததால் வந்த பட்டினி அல்ல. விளைந்தது, வாங்க ஜனங்களிடம் காசு இல்லை. 1933-ல் விலை ஏறவேண்டும் என்பதற்காக அரசாங்கமே ஏறக்குறைய 60 லட்சம் பன்றிகளை விலைக்கு வாங்கிக் கொல்லச் செய்தது. கொஞ்சம் இறைச்சி ஏழைகளுக்குப் போனது உண்மை. மீதி வீணாய்ப் போயிற்று. யோசேப்பின் நாட்களில் களஞ்சியம் திறக்கப்பட்டது. இங்கேயோ களஞ்சியம் நிறைந்திருக்க வயிறு காலியாயிருந்தது.

இதன்மேல், நடுப்பகுதி மாநிலங்களில் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் இருட்டிப்போகும் அளவுக்குப் புழுதி எழும்பிற்று. தாய்மார் ஜன்னலில் ஈரத்துணி கட்டினார்கள். சாப்பிடும்வரை தட்டைக் கவிழ்த்தே வைத்தார்கள். நிலம் போனவர்களும், குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும், ஓட்டைக் காரில் மெத்தையையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அங்கே என்ன நடந்தது? 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர் நூற்றுக்கு மேற்பட்ட போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார். தன் தேசத்துக்குள்ளேயே பரதேசிகள்!

படம் பிடித்தார்கள், பேர் கேட்கவில்லை

அடுத்த மாதம், 1936 மார்ச். கலிபோர்னியாவில் நிப்போமோ என்கிற ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கியிருந்தார்கள். பனி விழுந்து பயிரெல்லாம் கருகிப்போயிற்று. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அரசாங்கத்துக்காகப் படம் எடுக்கும் டோரத்தியா லாங்கே என்கிற பெண்மணி அந்தப் பக்கமாய்க் காரில் வந்தார். ஒரு தாயையும் பிள்ளைகளையும் கூடாரத்தில் கண்டார். சில நிமிஷங்களில் சில படங்கள் எடுத்தார், போய்விட்டார். அந்தத் தாயின் பேரைத் தான் கேட்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

படம் பத்திரிகையில் வந்தது. உடனே அரசாங்கம் 20,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9,000 கிலோ உணவுப்பொருட்களை அந்த முகாமுக்கு அனுப்பிற்று. தேவனுக்கு ஸ்தோத்திரம்! அநேகர் பசியாறினார்கள். அந்தப் பெண்மணியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாப்பாடு வந்து சேர்ந்தபோது, படத்திலிருந்த தாய் அங்கே இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு வேலை தேடிப் போய்விட்டார். எங்கே என்று தேட முடியுமா? பேரே தெரியாதே!

அந்தத் தாய் யார் என்பது 1978-ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். ஓக்லஹோமாவில் பிறந்தவர், செரோக்கி என்கிற பழங்குடி இனத்தவர். 1931-ல் கணவரை இழந்தார். அப்போது வயிற்றில் பிள்ளை. பகலெல்லாம் பருத்தி எடுத்து, பாலத்தின் கீழும் தங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். அந்தக் குடும்பம் கார் டயரை விற்றுச் சாப்பிட்டது என்று படத்தோடு எழுதினார்கள். அப்படி நடக்கவே இல்லை என்று அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள். பேர் கேட்காத இடத்தில் கதையும் மாறிப்போகும், பிரியமானவர்களே!

அந்தப் படம் புத்தகங்களில் வந்தது. 1998-ல் தபால்தலையிலும் வந்தது. ஆனால் அந்தப் படத்தால் தனக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று அந்தத் தாய் சொன்னார். படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி 2008-ல், எழுபது வயதைத் தாண்டின பிறகு சொன்னார்: எங்களுக்கு அது வெட்கமாயிருந்தது, நாங்கள்தான் அது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றிருந்தோம் என்று.

இதை வாசித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏன் என்றால், நானும் அப்படிச் செய்தவன்.

என் பாவத்தை அறிக்கையிடுகிறேன்

2020-ல் ஊரடங்கு வந்தபோது நம்முடைய சபையில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். நான் கணக்கு எழுதும் கடையும் பூட்டியிருந்தது. ஆனாலும் கர்த்தர் பலருடைய இருதயத்தை ஏவினார். நாற்பது குடும்பங்களுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய். பையைக் கொடுக்கும்போது நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இங்கே பாருங்க சிஸ்டர்" என்று கேமராவைப் பார்க்கச் சொன்னேன். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டுமே என்பது என் நியாயம். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதே பத்திரிகையிலும் போட்டேன்.

அதில் ஒரு சகோதரி. கணவர் பெயிண்டர், வேலை நின்றுபோய் மூன்று மாத வாடகை பாக்கி. முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் எட்டாவது படிக்கிற மகள். அந்த வாரத்தோடு அவர்கள் ஆராதனைக்கு வருவது நின்றது. ஆன்லைன் ஆராதனையிலும் காணோம். நான், "கஷ்டம் வந்தால் விசுவாசம் குறைந்துவிடுகிறது" என்று பிரசங்கமும் பண்ணினேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

சில மாதங்கள் கழித்து ரேஷன் கடை வாசலில் அவர்களைப் பார்த்தேன். "என்ன சிஸ்டர், சபைக்கு வரவே இல்லையே?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள்: "பாஸ்டர், நீங்க குடுத்த அரிசி பத்து நாள்ல தீந்துபோச்சு. அந்த போட்டோ இன்னும் தீரல. எம்மக கூடப் படிக்கிற புள்ளைங்க போன்ல எல்லாம் சுத்துது. அவ வெளியவே வரமாட்டேங்குறா."

எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாய் சபைக்கு வந்த அந்தச் சகோதரியின் பேர் எனக்குத் தெரியாது! "பெயிண்டர் வீட்டம்மா", அவ்வளவுதான். ரேஷன் கடை வாசலில், வெட்கத்தோடு, கண்ணீரோடு கேட்டேன்: "சிஸ்டர், உங்க பேர் என்னம்மா?"

சொன்னார்கள். அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன். தினமும் காலை ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்லுகிறேன். அந்தக் குடும்பம் இப்போது வேறொரு சபையில் ஆராதிக்கிறது. மகள் அங்கே ஞாயிறுபள்ளி டீச்சராய் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஸ்தோத்திரம் செலுத்தினேன். என் கையைவிட்டுப் போன ஆடு மேய்ப்பனுடைய கையைவிட்டுப் போகவில்லை.

கேள்வியில் இரண்டு வகை

அப்படியானால் ஏழைகளிடத்தில் ஒன்றுமே கேட்கக்கூடாதா? கேள்வியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வடிகட்டுகிற கேள்வி: நீ எந்த ஜாதி, எந்த ஊர், எந்த சபை, உனக்கு இது தகுமா? இன்னொன்று தேவதூதன் ஆகாரிடத்தில் கேட்ட கேள்வி: உனக்கு என்னம்மா நடந்தது?

லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த நாட்களில் ஒரு பெந்தெகொஸ்தே சபை இருந்தது. எய்மி செம்பிள் மெக்ஃபெர்சன் அம்மையார் 1923-ல் கட்டிப் பிரதிஷ்டை செய்த ஏஞ்சலஸ் டெம்பிள். 1927-ல், பொருளாதார வீழ்ச்சி வருமுன்னே, அங்கே உணவும் உடையும் கொடுக்கிற ஒரு பண்டகசாலையைத் திறந்தார்கள். வீழ்ச்சி வந்தபோது லட்சக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள். அப்போது மெக்சிகோ நாட்டு ஏழைகள் அரசாங்க நிவாரண ஆபீஸுக்குப் போகப் பயந்தார்கள். நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம். பிற்காலத்தில் பெரிய நடிகரான ஆண்டனி குயின் அப்படிப்பட்ட ஒரு ஏழைக் குடும்பத்துப் பையன். பசித்தவனிடம் நீ எந்த நாட்டான், எந்த மதத்தான் என்று கேட்காமல் உதவி செய்தவர் இந்த அம்மையார்தான் என்று அவர் நன்றியோடு சொன்னார். நம்முடைய முன்னோர் நமக்கு வைத்துப்போன நல்ல மாதிரி இது!

ஆர்வின் என்ற ஊரில் அரசாங்கம் அமைத்த ஒரு முகாமும் உண்டு. ஓடிவந்த குடும்பங்களுக்கு அங்கே குளிக்க வெந்நீர், சுத்தமான கழிப்பறை. அதைவிட மேலாக, அங்கே தங்கியிருந்தவர்களே தங்களுக்குள் கமிட்டி தெரிந்தெடுத்து முகாமை நடத்தினார்கள். கையேந்தி நின்றவர்கள் பொறுப்பாளர்களானார்கள்.

இன்னொரு சின்னக் காரியம். ஏழைத் தாய்மார் மாவு வந்த துணிச்சாக்கைத் துவைத்துப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். சாக்கின் மேலிருந்த கம்பெனி எழுத்து பிள்ளையின் முதுகில் தெரியும். இதைக் கண்ட மாவுக் கம்பெனிகள் சாக்குத் துணியிலேயே பூப் போட்டு அச்சடித்தன. கம்பெனி பேரைத் துவைத்தால் போய்விடும் மையில் அச்சடித்தன. வியாபாரிக்கு அதில் லாபமும் உண்டுதான். ஆனாலும் பாருங்கள், வியாபாரியே தன் பேர் அழிந்துபோகும்படி மை தேடினான். நாமோ ஒரு பை அரிசியில் சபையின் பேரைப் பெரிய எழுத்தில் போடுகிறோமே!

நாம் செய்யவேண்டிய மூன்று காரியங்கள்

1. பேரை அறிந்துகொள்ளுங்கள். லூக்கா 16-ம் அதிகாரத்தில் ஐசுவரியவானுக்குப் பேர் இல்லை. வாசலில் கிடந்த ஏழைக்குத்தான் பேர் உண்டு: லாசரு. பரலோகத்தின் பதிவேட்டில் யாருடைய பேர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற ஒருவரை, குப்பை வண்டி தள்ளுகிறவரையோ, பாத்திரம் தேய்க்கிறவரையோ, பேர் கேட்டுப் பேசுங்கள்.

2. கேட்கும்வரை காத்திருக்காதிருங்கள். வெட்கம் வாயை அடைத்துவிடும். வழக்கமாய்க் காணிக்கை போடுகிறவர் ரெண்டு வாரமாய்ப் பையைத் தாண்டி அனுப்புகிறாரா? பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்றதும் பேச்சை மாற்றுகிறார்களா? விசுவாசம் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் செய்யாதிருங்கள். போய்ப் பாருங்கள். யாக்கோபு 2-ம் அதிகாரம் 15, 16 வசனங்களை வாசியுங்கள். பசித்தவனை வாய் வாழ்த்தினால் மாத்திரம் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார்.

3. மறைவாய்க் கொடுங்கள். மத்தேயு 6-ம் அதிகாரத்தில், வலது கை செய்வது இடது கைக்கே தெரியவேண்டாம் என்கிற கருத்தை ஆண்டவர் போதித்தார். நாமோ ஒரு கையில் பையும் மறு கையில் செல்போனும் பிடித்திருக்கிறோம். கணக்கு வேண்டுமா? நோட்டில் இருக்கிறது, மூப்பர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முகம் வேண்டாம். இந்தப் பத்திரிகையில் உதவி வாங்குகிறவர்களின் படம் வராததைக் கவனித்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான். இப்போது பைகள் இருட்டின பிறகு வீடு தேடிப் போகின்றன.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்றைக்கு வேலையில்லாமல், வாடகை கொடுக்க வழியில்லாமல், அதை யாரிடமும் சொல்லமுடியாமல் இருக்கலாம். அருமை சகோதரனே, சகோதரியே, துருத்தியிலிருந்த தண்ணீர் தீர்ந்த இடத்தில்தான் ஆகாரின் கண்கள் திறக்கப்பட்டன. அங்கே ஒரு துரவு இருந்தது. உங்கள் பேரை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். தயங்காமல் என் வீட்டுக்கு வாருங்கள். வரக் கூச்சமாயிருந்தால் சொல்லியனுப்புங்கள், நானே வருகிறேன். கேமரா கொண்டுவரமாட்டேன்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, வீடில்லாத ஒவ்வொரு குடும்பத்தையும் நீர் காண்கிறீர், ஸ்தோத்திரம். நாங்கள் பேர் கேட்காமல் கடந்துபோன முகங்களை எங்களுக்கு ஞாபகப்படுத்தும். எங்கள் கொடுத்தலில் இருந்த பெருமையை மன்னியும். பசித்தவனுக்கு அப்பத்தோடு கனத்தையும் கொடுக்கிற சபையாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்